எடை தாங்கும் நூல்



தற்காலக் கலையை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிச் சேர்ப்பது என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவு அகலமான தலைப்பை ஒரு மாலைக்குள் பேசப் புகுந்தால் பெயர்களை அடுக்கிவிட்டு இறங்க வேண்டியதுதான். அதனால் நானாகவே எல்லையைச் சுருக்கிக்கொண்டேன். கயிறு, நூல், துணி ஆகியவற்றால் ஆன சிற்பங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கோவையில் இதைப் பேசுவதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. பஞ்சு என்ன, முறுக்கு என்ன, சாயம் எப்போது ஓடும் என்றெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த அவையில் பாதிப் பேருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். கலைக்கூடத்துக்குள் நுழையும்போது அந்த அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கழற்ற வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். இழைச்சிற்பத்தைப் புரிந்துகொள்கிற அறிவும், அதை வாங்கி வைத்துக் காப்பாற்றுகிற அறிவும் ஒன்றுதான். எடை எங்கே இறங்குகிறது, எது அதைத் தாங்குகிறது, எது தளர்ந்துகொண்டிருக்கிறது என்று பார்க்கப் பழகியவருக்கு இரண்டும் கைவரும்.

கல்லில் சிற்பம் செய்பவர் வேண்டாததைக் கழித்துக்கொண்டே போகிறார். வெண்கலத்தில் செய்பவர் மெழுகில் வடித்து உலோகத்தை ஊற்றுகிறார். இரண்டிலும் வேலை முடிந்தபின் பொருள் தன் வடிவத்தை விட்டு நகராது. கயிறு அப்படிப்பட்டதில்லை. அதற்குச் சொந்தமாக நிமிர்ந்து நிற்கும் குணமே கிடையாது. விட்டால் தரையில் குவியும். அதை ஓர் உருவமாக நிற்கவைக்க ஒன்று மேலிருந்து கட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது உள்ளே ஒரு கம்பிச்சட்டம் கொடுக்க வேண்டும், அல்லது முடிச்சுகளை அவ்வளவு நெருக்கமாகப் போட்டு அந்த நெருக்கத்தையே எலும்பாக்க வேண்டும். ஆக, ஓர் இழைச்சிற்பத்தின் முன் நின்றதும் ‘இது எதைக் குறிக்கிறது’ என்று கேட்பதை ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். ‘இது எப்படி நிற்கிறது’ என்று கேளுங்கள். அண்ணாந்து பாருங்கள், எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று. பின்பக்கம் போய்ப் பாருங்கள். காவலர் முறைத்தால் முறைக்கட்டும், நீங்கள் தொடாதவரை அவருக்கும் உங்களுக்கும் வழக்கில்லை.

இந்தக் கேள்வியோடு நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது மிருணாளினி முகர்ஜியிடம். 1949-இல் பம்பாயில் பிறந்தார், 2015-இல் டெல்லியில் மறைந்தார். தந்தை பினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதனின் பெரிய ஓவியர், சுவரோவியர். பிறவியிலேயே பார்வைக் குறைபாடு உள்ளவர். பின்னர் ஒரு கண் அறுவை சிகிச்சை பலிக்காமல் பார்வையை முழுவதும் இழந்தார், அதன் பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டி, தடவிப் பார்த்து, படைத்துக்கொண்டே இருந்தார். தாய் லீலா முகர்ஜி மரத்தில் சிற்பம் செதுக்கியவர். தடவி அறியும் தந்தையும் உளி பிடிக்கும் தாயும் இருந்த வீட்டில் வளர்ந்த மகள் கயிற்றிடம் போனார் என்பதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் பிறப்பை மட்டும் வைத்து ஒரு கலைஞரை விளக்கிவிடும் பழக்கம் நமக்கு அதிகம். இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

மிருணாளினி பரோடாவில் எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தார், பிறகு சுவரோவிய வடிவமைப்பில் கே.ஜி. சுப்ரமணியனிடம் பயின்றார். இந்த ஆசிரியரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். கல்பாத்தி கணபதி சுப்ரமணியன் வடகேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது விடுதலைப் போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார், அதன்பின் சாந்திநிகேதனுக்குப் போய் ஓவியரானார். 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புத் துறையில் பொறுப்பு வகித்தார். தறியையும் பொம்மையையும் சுவரையும் கித்தானையும் ஒரே மேசையில் வைத்துப் பேசிய மனிதர். பரோடாவில் மாணவர்கள் பொம்மையும் சட்டிபானையும் செய்து விற்கும் கலைச்சந்தைகளை நடத்தினார். ‘இது கலை, அது கைத்தொழில்’ என்று வேலி போடாத ஆசிரியரிடம் படித்ததால்தான் அந்த மாணவி கடைத்தெருக் கயிற்றைக் கையில் எடுத்தபோது அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர் எடுத்தது ஹெம்ப் கயிறு. கட்டில் பின்னவும் மூட்டை கட்டவும் விற்கிற வகைதான். 1970-களின் தொடக்கத்திலிருந்து அதைக் கொண்டு வேலை செய்தார். தறி கிடையாது, ஊசி கிடையாது. கையால் முடிச்சு, அதன்மேல் முடிச்சு. தானே சாயமிட்டுக்கொள்வார். ஊதா, காவி, பாசிப்பச்சை, துருச்சிவப்பு என்று மண்ணுக்கும் தாவரத்துக்கும் நடுவில் இருக்கும் நிறங்கள். முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை, சிறு மாதிரி செய்து பார்ப்பதும் இல்லை. உள்ளே ஓர் உலோகச் சட்டத்தை வைத்துக்கொண்டு, முடிச்சு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போவார். ஒரு சிற்பம் முடிய மாதக்கணக்கில் ஆகும். சேகரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு மெதுவான கையிலிருந்து வெளிவரும் படைப்புகளின் எண்ணிக்கை ஒருபோதும் பெருகப்போவதில்லை.

1982-இல் செய்த ‘ருத்ரா’, ‘தேவி’, 1984-இல் செய்த ‘யக்ஷி’, 1994-இல் செய்த ‘வனஸ்ரீ’ இவற்றின் படங்களையாவது பாருங்கள். ஆளுயரம், அல்லது ஆளைவிட உயரம். நடுவில் ஒரு பிளவு, சுற்றிலும் மடிப்பு மடிப்பாகத் தடித்த உதடுகள் போன்ற விளிம்புகள், மேலே ஒரு முடியோ தலையோ என்று சொல்ல முடியாத குவிப்பு. பூவா, பெண்ணுடலா, ஆணுடலா, சாமியா என்று கண் ஓரிடத்தில் நிற்காது. இங்கேதான் நான் சொன்ன கேள்வி உதவும். அந்த மடிப்புகள் யார் கற்பனையில் வந்தன? ஒரு பாதி அவர் கற்பனை, மறுபாதி எடை. முடிச்சுப் போட்ட கயிறு கனத்த துணி போல ஆகிவிடுகிறது. சட்டத்தின்மேல் விழுந்து, தாங்கும் இடத்தில் விறைத்து, தாங்காத இடத்தில் தொய்ந்து, தானே மடிகிறது. தொய்வை அவர் குறையாக நினைக்கவில்லை, அதற்கு இடம் விட்டுக்கட்டினார். உடல் என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். நம் உடலும் தாங்கும் இடத்தில் விறைத்துத் தாங்காத இடத்தில் தொய்வதுதானே.

பெயர்களை வைத்துக்கொண்டு இவற்றைச் சாமி சிலைகளாகப் படிக்கும் ஆர்வம் சிலருக்கு வரும். எந்தத் தெய்வத்தின் இலக்கணத்தையும் தாம் பின்பற்றவில்லை என்றே அவர் சொல்லிவந்தார். சிறிய கருவறைக்குள் நுழைந்து அண்ணாந்து மூர்த்தியைப் பார்க்கும்போது எழுகிற அந்த மலைப்பு, அதுதான் தமக்கு வேண்டியிருந்தது என்றார். தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? குறுகலான வாசல், எண்ணெய் மணம், இருட்டில் பாதி தெரியும் ஒரு பெரிய உரு. வெள்ளைச் சுவரும் பளிச்சென்ற விளக்கும் உள்ள நவீனக் கூடத்தில் அந்த அனுபவத்தைக் கயிற்றால் எழுப்ப முடிந்தது என்பதே அவருடைய சாதனை என்பேன். 1980-களின் நடுவிலிருந்து அவருடைய உருவங்கள் சுவரையும் விட்டத்தையும் விட்டுவிட்டுத் தரையில் சுற்றிவரும்படி நிற்கத் தொடங்கின. அந்த மாற்றத்தோடு, ‘சுவரில் தொங்கும் அலங்காரம்’ என்று சொல்லித் தள்ளுவதற்கு இருந்த கடைசிச் சாக்கும் போய்விட்டது.

ஆனாலும் தள்ளினார்கள். 1994-இல் ஆக்ஸ்ஃபோர்டின் நவீனக் கலைக்கூடம் அவருக்குத் தனிக்காட்சி நடத்தியது. நம் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடம் முழு வாழ்நாள் கண்காட்சியை 2015 ஜனவரி இறுதியில்தான் திறந்தது, திறந்த சில நாட்களில் அவர் இறந்துபோனார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் பெரிய கண்காட்சி 2019-இல், வெனிஸ் பினாலேயில் இடம் 2022-இல். இடையில் அவரே 1990-களின் நடுவில் சுட்டமண்ணுக்கும் 2000-க்குப் பின் வெண்கலத்துக்கும் நகர்ந்திருந்தார். கயிற்றுச் சிற்பங்கள் உலகம் முழுவதும் பேசப்பட்டபோது அவற்றைக் கட்டிய கை இல்லை.

ஏன் இந்தத் தாமதம்? நம் நாட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நூலை எடுத்தாலே பெண்கள் வேலை, வீட்டு வேலை, கைத்தொழில் என்று கீழ்த்தட்டில் வைப்பது மேற்கிலும் இருந்தது. 1969-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘வால் ஹேங்கிங்ஸ்’ என்ற கண்காட்சியை நடத்தியது. பெயரைப் பாருங்கள், சுவர்த்தொங்கல்கள். மில்ட்ரெட் கான்ஸ்டன்டைனும் ஜாக் லெனோர் லார்சனும் தேர்ந்தெடுத்து வைத்த நல்ல காட்சி. அதற்கு மதிப்புரை எழுதியவர் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா. இவை அலங்காரத்தை விட்டு வெளியேறவில்லை, ஓவியமோ சிற்பமோ நம்மிடம் கேட்பதை இவை கேட்பதில்லை என்ற பொருளில் எழுதினார். சாதாரண ஆள் இல்லை அவர். பழைய திரைச்சீலைகளைச் செப்பனிட்டு விற்கும் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் அந்தத் துணிகளில் அழிந்துபோன பகுதிகளை வரைந்து கொடுத்தவர். நூல் அறியாதவர் சொன்ன தீர்ப்பாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். நூலை அறிந்தவர், அதிலிருந்து தப்பி வந்தவர், சொன்னது. அதே பூர்ஷ்வா எண்பது வயதை ஒட்டி, தம் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டித் தைத்துத் துணிச்சிற்பங்கள் செய்யத் தொடங்கினார். இன்று அவை அவருடைய முக்கியப் படைப்புகளுள் அடங்கும். கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று அவர் அறிக்கை விட்டதாக நான் படித்ததில்லை. தைத்தார், அவ்வளவுதான்.

போலந்தின் மக்தலேனா அபகனோவிச் இந்தச் சண்டைக்குள் வந்த விதம் வேறு. 1962-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் முதல் உலகத் திரைச்சீலை பினாலே நடந்தபோது அவருக்குச் சொந்தத் தறிகூடக் கிடையாது, இன்னொரு கலைஞரின் நிலவறைத் தறியில் நெய்தார். போருக்குப் பிந்திய வார்சாவில் நல்ல நூலும் கிடையாது. துறைமுகத்தில் கழித்துப்போட்ட கப்பல் கயிறுகளைப் பொறுக்கிவந்து, பிரித்து, சாயமேற்றி, நெய்தார். 1965-இல் சாவோ பாவ்லோ பினாலேயில் தங்கப்பதக்கம். பிறகு அந்த நெசவு சுவரைவிட்டு வெளியே வந்து, விட்டத்திலிருந்து கனத்த மேலங்கிகள் போலத் தொங்கியது. அவற்றை என்னவென்று அழைப்பது என்று தெரியாமல் விமரிசகர்கள் அவர் பெயரையே வைத்து ‘அபகான்’ என்றார்கள். வறுமையால் வந்த பொருள்தேர்வு என்று அனுதாபப்படலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கப்பலைக் கட்டி இழுத்த கயிற்றுக்கு எடை தாங்கிய வரலாறு இருக்கிறது, புதுநூலில் அந்த முரட்டுத்தனம் வராது.

ஷீலா ஹிக்ஸ் நமக்கு இன்னும் பக்கத்தில் வந்தவர். அமெரிக்கர், 1934-இல் பிறந்தவர், யேலில் ஜோசப் ஆல்பர்ஸின் மாணவி. 1966-இல் கோழிக்கோட்டு காமன்வெல்த் டிரஸ்ட் கைத்தறி ஆலையில் நெசவாளர்களோடு வேலை செய்தார். பாசல் மிஷன் தொடங்கி, முதல் உலகப் போருக்குப் பின் கைமாறிய ஆலை அது. அங்கே உருவாக்கிய தடித்த பருத்தித் துணிக்கு ‘படகரா’ என்று வடகரை ஊரின் பெயரையே வைத்தார். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், இங்கிருந்து ஒரு பகல் பயணத்தில் போய்விடக்கூடிய ஊர். உலக அருங்காட்சியகங்களின் பெயர்ப்பலகையில் அது இருக்கிறது, அதை நெய்தவர்களின் பெயர் இல்லை. சேகரிப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யார் கை இதில் பட்டிருக்கிறது, அவருக்கு என்ன கிடைத்தது?

நம் பக்கத்திலும் நூலுக்கும் கலைக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்ததே, அந்த நிலத்தை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? ஓவியங்களை விற்று வந்ததில்லை. சென்னைக் கலைப்பள்ளி ஓவியர்களும் சிற்பிகளும் பாடிக் துணிகளும் மற்ற கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள், அந்த வருமானம்தான் கடற்கரையில் நிலமானது. கோட்டோவியத்தால் தமிழ் வாசகர் எல்லோருக்கும் அறிமுகமான ஆதிமூலம் சென்னை நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். ரெட்டப்ப நாயுடுவும் அங்கே இருந்தார். டெல்லியின் அர்பிதா சிங்கும் மும்பையின் பிரபாகர் பர்வேயும் இதே மையங்களில் சம்பளம் வாங்கியவர்கள். ஒரு தலைமுறை இந்திய நவீன ஓவியம் தறியின் நிழலில் சோறு தின்றது என்று சொன்னால் மிகையாகாது. அதே தலைமுறையின் காலத்தில்தான் துணி என்றால் இரண்டாம்தரம் என்ற எண்ணமும் நிலைத்தது. விசித்திரம்தான்.

தேரில் தொங்கும் தொம்பையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் துணிமேல் துணி வைத்துத் தைத்து, உருளையாக மூட்டித் தேரின் பக்கங்களில் தொங்கவிடுவார்கள். தேர் அசைய அது சுழலும். சுற்றி வந்து பார்க்க வேண்டிய, எடையால் வடிவம் பெறுகிற துணி. இதைச் சொல்லி, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று கைதட்டல் வாங்க நான் வரவில்லை. தொம்பை வேறு, முகர்ஜியின் ‘தேவி’ வேறு. ஆனால் தொம்பை தைப்பவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவர் ‘தேவி’யின் முன் திகைத்து நிற்க மாட்டார்.

இனி வாங்குவதைப் பற்றி.

விலை ஏறும் என்று நம்பி வாங்க வேண்டாம். அதற்குப் பங்குச்சந்தை இருக்கிறது, அங்கே பூச்சி அரிக்காது. பிடித்து வாங்குங்கள், ஆனால் பிடித்ததும் வாங்கிவிடாதீர்கள். ஒரு கலைஞரின் படைப்பை வெவ்வேறு ஆண்டுகளில் சில முறையாவது பார்த்தபின் வாங்குவது நல்லது. சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியிலும் சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளின் மாணவர் காட்சிகளிலும் ஒரு பைசா செலவில்லாமல் கண்ணைப் பழக்கலாம். கிளிநொச்சியைச் சேர்ந்த வினோஜா தர்மலிங்கம் துணியும் நூலும் கொண்டு போர் கடந்த நிலத்தையும் பதுங்குகுழிகளையும் தைக்கிறார். பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். தையல் என்பது ஆறிய காயத்தை மட்டும் காட்டுவதில்லை என்று அங்கே தெரியும்.

வாங்கும்போது விலைப்பட்டியலில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். இது சில்லறை விஷயமில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓர் ஓவியத்தின், சிற்பத்தின் அல்லது சித்திரத்தின் மூலப்படி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், அந்த விலையில் ஒரு பங்கு படைத்தவருக்கோ அவர் வாரிசுக்கோ உண்டு, அது பத்து சதவீதத்துக்கு மேற்படாமல் தீர்மானிக்கப்படும் என்கிறது அது. நடைமுறையில் இதைக் கேட்டு வாங்குபவர்கள் அபூர்வம். ஆனால் சட்டத்தின் சொற்களைக் கவனியுங்கள்: ஓவியம், சிற்பம், சித்திரம். ‘சுவர்த்தொங்கல், கைவினைப் பொருள்’ என்று ரசீது எழுதிவிட்டால், நாளைக்கு அந்தக் கலைஞர் தன் பங்கைக் கேட்கும்போது எதிர்வாதத்துக்கு நாமே துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்ததாகிவிடும். ‘சிற்பம், ஹெம்ப் நார், இரும்பு, இந்த ஆண்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். பூர்ஷ்வா தொடங்கிய வழக்கை உங்கள் ரசீது தீர்த்துவைக்கட்டும்.

இன்னொரு பிரிவு 57. பொருளை விற்றபின்னும் படைப்பாளியின் பெயருக்கும் படைப்பின் முழுமைக்கும் உள்ள உரிமை அவரிடமே இருக்கும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விக்ஞான் பவனுக்காகச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் புதுப்பிப்பு வேலைக்காகப் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். பாகங்கள் சிதைந்தன, காணாமல் போயின. அவர் அரசையே எதிர்த்து வழக்காடினார். 2005-இல் டெல்லி உயர்நீதிமன்றம் மிஞ்சிய பகுதிகளை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. காசு கொடுத்து வாங்கியவர் கைக்கு எல்லா உரிமையும் வந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு நம் நாட்டில் இல்லை. வெண்கலத்துக்கே இந்தக் கதி என்றால் கயிற்றை நினைத்துப் பாருங்கள். வரவேற்பறையின் உயரம் போதவில்லை என்று கீழ்முனையை மடித்து ஊசி குத்தி வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாற்காலி உறையின் நிறத்துக்கு ஒத்துவரவில்லை என்று மறுசாயம் போடலாமா என்று கேட்டவர்களும் உண்டு.

சில படைப்புகள் வடிவத்தையே வாங்குபவரிடம் ஒப்படைத்துவிடும். கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் பணியாற்றிய எல் அனட்சுயி மதுப்புட்டி மூடிகளைத் தட்டி, செப்புக்கம்பியால் கோத்து, பெரிய உலோகத்துணிகளை உருவாக்குகிறார். எங்கே மடிக்க வேண்டும், எங்கே தொய்ய விட வேண்டும் என்று அவர் கட்டளையிடுவதில்லை. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மாட்டுபவர் தீர்மானிக்கிறார். வாங்குபவருக்கு இது சுதந்திரம் போலத் தோன்றும். உண்மையில் கூடுதல் வேலை. முகர்ஜியின் சிற்பம் இதற்கு நேர்எதிர். அதில் ஒரு மடிப்பு தவறாக விழுந்தாலும் முகம் மாறிவிடும். ஆகவே வாங்கும்போதே கலைஞரிடமிருந்து மாட்டும் முறையை எழுதி வாங்குங்கள். எந்தக் கொக்கி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் முன்பக்கம், நான்கு பக்கமும் எடுத்த படங்கள். கைப்பேசியில் எடுத்த ஒரு காணொளி போதும்.

வீட்டுக்கு வந்தபின் முதல் எதிரி வெளிச்சம். அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும் என்கின்றன. நம் வீட்டு ஜன்னலோரத்தில் பகலில் ஆயிரக்கணக்கான லக்ஸ் விழும். வெளிச்சத்தால் வந்த சேதம் சேர்ந்துகொண்டே போகும், ஓய்வு கொடுத்தாலும் ஆறாது. சிற்பத்தை வருடம் முழுக்க மாட்டியே வைக்காமல் சில மாதம் இருட்டில் இறக்கி வைப்பது நல்லது. இறக்கி வைப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. தொங்கும் இழை தன் எடையாலேயே மெல்ல மெல்ல நீளும். பாவு நூலை இரவெல்லாம் இழுவையில் விட்டால் என்ன ஆகும் என்று நெசவு தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது ஈரம். நூற்புக் கூடத்தில் ஈரப்பதத்தைக் கூட்டி வைப்பது ஏன் என்று இந்த ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். வறண்ட இழை அறும். ஆனால் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். சென்னைக் கடற்கரை வீடுகளில் அது சர்வசாதாரணம். குளிர்சாதனத்தைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவது நிலையான ஈரத்தைவிடக் கெடுதல், ஏனென்றால் இழை தினமும் ஒருமுறை உப்பிச் சுருங்கும்.

பூச்சியைப் பற்றி ஒரு பொதுவான தவறு உண்டு. எல்லாப் பூச்சியும் எல்லாவற்றையும் தின்பதில்லை. துணி அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டையும் தேடும். சணலையும் பருத்தியையும் பொதுவாக அது விட்டுவிடும், அங்கே கஞ்சிப் பசைக்கு வருவது வெள்ளிப்பூச்சி, சுவர்வழி வருவது கறையான். எதனால் செய்தது என்று தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியும். ரசீதில் பொருளின் பெயரை எழுதச் சொன்னதற்கு இதுவும் காரணம். நாப்தலின் உருண்டைகளை மடிப்புக்குள் செருகாதீர்கள். சந்தேகம் வந்தால் பாலிதீனில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஓரிரு வாரம் உறையவைப்பது அருங்காட்சியகங்களின் வழி. ஆளுயரச் சிற்பத்துக்கு அது வீட்டில் நடக்காது, அந்த அளவுக்குக் குளிரும் உறைகிடங்கு வைத்திருக்கும் நண்பரைப் பிடிக்க வேண்டும். பொருளுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று பாதுகாப்பு நிபுணர் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தூசிக்குத் துடைப்பம் ஆகாது. மெல்லிய வலையை மேலே பிடித்துக்கொண்டு, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து எடுக்க வேண்டும். மடித்து அடுக்காதீர்கள். மடித்த கோட்டில்தான் இழை முதலில் ஒடியும். அமிலமில்லாத தாள் கிடைக்காவிட்டால், கஞ்சி போகப் பலமுறை அலசிய கோரா மல் துணி போதும், அதற்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

கடைசியாக ஒரு விஷயம். உங்களுக்குப் பின் இது யாருக்கு என்பதைச் சேர்க்கத் தொடங்கும்போதே யோசித்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு விருப்பமில்லாமல் போகலாம், அது அவர்கள் குற்றமில்லை. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். நார்ப்பொருள் என்றாலே பல இடங்களில் பூச்சிக்குப் பயந்து தயங்குவார்கள், இடமும் நிறைய அடைக்கும். மாட்டும் குறிப்பு, படங்கள், ரசீது, எப்போது இறக்கி ஏற்றினீர்கள் என்ற நாட்குறிப்பு இவையெல்லாம் இருந்தால் தயக்கம் குறையும். வாங்கும் அன்றே கலைஞரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அதே கயிற்றில், அதே சாயத்தொட்டியில் நனைத்த ஒரு கண்டு. பிற்காலத்தில் எங்காவது ஒரு முடிச்சு விட்டுப்போனால் செப்பனிடுபவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. கடையில் கிடைக்கும் கயிறு அதற்குள் வேறாகியிருக்கும், இல்லை பிளாஸ்டிக்காகியிருக்கும். அந்தக் கண்டைத் துணியில் சுற்றி இருட்டில் வையுங்கள். தானப்பத்திரம் எழுதும்போது சிற்பத்தோடு அதையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள்.